அஞ்சறைப் பெட்டி: எந்தக் காயம், அம்மா?

சென்ற இதழில் வெந்தயத்தைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்த ஒரு சகோதரி, "அஞ்சறைப் பெட்டிக்குள் இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாக எழுதுகிறீர்கள். பெட்டிக்குள் வைக்க முடியாத ஒன்றை மறந்துவிட்டீர்களே!" என்று கேட்டிருக்கிறார். விடுகதை மாதிரி இருக்கிறதே என்று யோசித்தேன். அடுப்படிக்குள் போய் நின்றதுமே விடை மூக்கில் ஏறிவிட்டது. பெருங்காயம்தான்!

கடுகு, சீரகம், மிளகு, வெந்தயம், உளுந்து எல்லாம் ஒரே பெட்டியில் ஒற்றுமையாக இருக்கும். பெருங்காயத்தை மாத்திரம் தனி டப்பாவில் போட்டு, மூடியை இறுக்கித் தள்ளி வைப்போம். உள்ளே விட்டால் மறுநாளே சீரகமும் பெருங்காயம், மிளகும் பெருங்காயம் என்று ஆகிவிடும். டப்பா காலியாகி வருஷம் ஆனாலும் வாசனை போகாது. அதனால்தான் வாழ்ந்து கெட்ட குடும்பம் பழைய பெருமை பேசினால் "பெருங்காய டப்பா" என்கிறார்கள்.

இந்தப் பெருங்காயத்தின் பெயரைப் பற்றி எழுத எனக்கு ரொம்ப நாளாக ஆசை உண்டு, பயமும் உண்டு. ஆசைக்குக் காரணம், இவ்வளவு அர்த்தங்களைச் சுமக்கிற பெயர் வேறெந்த மளிகைச் சாமானுக்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பயத்துக்குக் காரணம், அந்தப் பெயரால் என் வீட்டிலேயே ஒரு விபரீதம் நடக்க இருந்தது. இத்தனை வருஷமாக வெளியே சொல்லாத அந்தச் சமாசாரத்தை இன்று உங்களிடம் சொல்லிவிடப் போகிறேன்.

நான் பிறந்தது மன்னார்குடிப் பக்கம். வாழ்க்கைப்பட்டு வந்தது சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் இந்தக் குருவிகுளம். காவிரித் தண்ணீரில் வளர்ந்தவளுக்குக் கரிசல் காட்டு வெயில் பழகச் சில மாதங்கள்தான் ஆயின. இங்கத்திப் பேச்சு பழகத்தான் வருஷக்கணக்கில் ஆயிற்று. வந்த புதிதில் என் அத்தை (மாமியாரை இங்கே அத்தை என்றுதான் கூப்பிடுவோம்), "தாயி, ரெண்டு பல்லாரி எடுத்துட்டு வா" என்றார்கள். நான் அடுப்படி முழுக்கத் தேடிவிட்டு, "பல்லாரி இல்லை அத்தை" என்றேன். அது கூடை நிறையக் கண்ணெதிரே இருந்தது. பெரிய வெங்காயத்துக்கு இந்தப் பக்கத்தில் பல்லாரி என்று பெயர். கர்நாடகத்துப் பெல்லாரியிலிருந்து வந்ததால் அந்த ஊர்ப் பெயரே காய்க்கும் ஒட்டிக்கொண்டது. சின்ன வெங்காயம் ஈருள்ளி. வெங்காயம் என்ற சொல்லே வாயில் வராமல் வெங்காயச் சாம்பார் வைக்கிற ஊர் இது!

எதிர்வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். எங்கள் பக்கத்து ஊர்களில் தெலுங்கு பேசுகிறவர்கள் நிறையப் பேர் பல தலைமுறையாக இருக்கிறார்கள். ஒருநாள் அந்த வீட்டு அம்மாள், "கொஞ்சம் இங்குவ இருந்தா குடு" என்று வாசலில் வந்து நின்றார்கள். நான் "இங்கே வா" என்று கூப்பிடுவதாக நினைத்துக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். இங்குவ என்றால் தெலுங்கில் பெருங்காயம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இவையெல்லாம் சிரித்துவிட்டு மறக்கிற விஷயங்கள். இனிச் சொல்லப் போவது அப்படியல்ல.

2001-ம் வருஷம். தலைப் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். பெண் குழந்தை பிறந்தது. சுகப் பிரசவம். பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் குருவிகுளத்திலிருந்து அத்தை எஸ்.டி.டி. பூத்தில் நின்று எங்கள் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தார்கள். மீட்டர் ஓடுகிறதே என்ற பதற்றத்தில் கிடுகிடுவென்று பேசுவது அவர்கள் வழக்கம். என் தம்பி ஓடிப்போய்ப் பேசிவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னான்: "பிள்ளைக்குக் காயம் குடுத்தாச்சான்னு கேட்டாங்க. இன்னுமா குடுக்கல, உடனே குடுக்கச் சொல்லுன்னு சத்தம் போட்டாங்க."

அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. சம்பந்தி வீட்டில் குறை சொல்லும்படி நடந்துகொண்டோமே என்று சங்கடம். எங்கள் ஊரில் பிள்ளை என்றால், பிறந்த குழந்தை. காயம் என்றால் பெருங்காயம். வயிற்று உப்புசத்துக்குக் கேட்கிறார்கள் போலிருக்கிறது என்று அம்மா தீர்மானித்தார்கள். பால் பெருங்காயத்தில் ஒரு துண்டை வெந்நீரில் இழைத்து, விளக்கு வைத்த நேரத்தில், பாலாடையில் ஊற்றிக் குழந்தையின் வாயில் புகட்டிவிட்டார்கள். நான் அசந்து தூங்கிக்கொண்டிருந்தேன்.

ராத்திரி குழந்தை வீறிட்டு அழுதது. பால் குடிக்கவில்லை. குடித்த கொஞ்சத்தையும் கக்கியது. அப்புறம் அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டது. அரிக்கேன் விளக்கைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தால் உதடு நிறம் மாறிக் கறுத்தாற்போல் இருக்கிறது. வாடகைக் கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். டாக்டரம்மா பிராண வாயு வைத்து, ராத்திரி முழுக்கப் பக்கத்திலேயே இருந்து பார்த்தார். "என்ன கொடுத்தீர்கள்? மறைக்காமல் சொல்லுங்கள்" என்று கேட்டார். அம்மா நடுங்கிக்கொண்டே சொன்னார்கள். டாக்டரம்மா திட்டவில்லை. "ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம் அம்மா. பெரியவர்கள் வயிற்றுக்கு நல்லது செய்வது எல்லாம் பச்சைக் குழந்தைக்கு நல்லது செய்யாது" என்றார். விடிந்த பிறகு குழந்தை பால் குடித்தது. அதற்கப்புறம்தான் எங்களுக்கு மூச்சு வந்தது.

மூன்றாம் நாள் அத்தை பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தார்கள், கையில் ஒரு பெரிய தூக்குவாளியோடு. "நீங்க குடுக்க மாட்டீகன்னு நானே காயம் கிண்டிக் கொண்டாந்துட்டேன். பிள்ளை பெத்த உடம்பு, பச்சை உடம்புல்லா!" என்று சொல்லி வாளியைத் திறந்தால், உள்ளே கறுகறுவென்று லேகியம்! எங்கள் ஊரில் பிரசவ லேகியம் என்று நாங்கள் சொல்வதற்கு இங்கே காயம் என்று பெயர். பிள்ளை என்று அவர்கள் சொன்னது குழந்தையை அல்ல, என்னை! "பிள்ளைக்குக் காயம் குடுத்தாச்சா" என்றால், "பிள்ளை பெற்ற என் மருமகளுக்குப் பிரசவ மருந்து கொடுத்தீர்களா" என்று அர்த்தம். என் மேல் இருந்த அக்கறையில் கேட்ட கேள்வி. இரண்டே வார்த்தை. இரண்டுக்கும் இரண்டு ஊரில் இரண்டு அர்த்தம். நடுவில் மாட்டிக்கொண்டது பன்னிரண்டு நாள் குழந்தை.

அதற்கப்புறம்தான் இந்தக் காயம் என்ற சொல்லை நான் விடாமல் துரத்த ஆரம்பித்தேன். அகராதியைப் புரட்டினேன், தமிழாசிரியர்களிடம் கேட்டேன். சேர்த்து வைத்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

காய்தல் என்றால் சூடாவது, உலர்வது. எண்ணெய் காய்கிறது, வெயில் காய்கிறது, துணி காய்கிறது என்கிறோம் அல்லவா? அந்தச் சூட்டுச் சொல்லிலிருந்துதான் உறைப்பு, கார்ப்பு என்ற அர்த்தத்தில் காயம் வந்தது என்கிறார்கள். நாக்கில் சுரீரென்று காய்வதெல்லாம் காயம். ஆகவே ஒரு காலத்தில் கறிக்கு இடுகிற காரச் சம்பாரங்களுக்கே இது பொதுப் பெயர். கடுகு, ஓமம், வெந்தயம், உள்ளி, பெருங்காயம் ஆகிய ஐந்தையும் சேர்த்து ஐங்காயம் என்று அகராதியில் போட்டிருக்கிறது. அந்தக் கூட்டத்தில் எல்லாரையும் அடக்கி வைக்கிற பெரிய ஆள் எதுவோ அது பெருங்காயம்! வெங்காயமும் இந்தக் குடும்பம்தான். வெம்மை என்ற சொல்லோடு சேர்ந்து வெங்காயம் ஆனது என்பார்கள் சிலர். வெண்மையோடு சேர்ந்தது என்பார்கள் சிலர். உரிக்கும்போது கண்ணில் தண்ணீர் வருகிற நமக்கு முதல் கட்சிதான் சரி என்று தோன்றும்!

பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற மருந்துக்கும் ஏன் காயம் என்று பெயர் வந்தது என்பது இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், பூண்டு என்று அத்தனையும் உறைப்புச் சரக்குகள். காரச் சரக்கெல்லாம் கூடிய மருந்து, ஆகவே காயம். அகராதியிலும் பிரசவ மருந்து என்ற பொருள் இருக்கிறது. என் அத்தை பேசியது கொச்சையல்ல, பழைய நல்ல தமிழ். எங்களுக்குத்தான் தெரியவில்லை.

இனி வேறு காயங்கள். காயகல்பம் என்கிறோமே, அந்தக் காயம் உடம்பு. சமஸ்கிருதத்தில் உடம்புக்குக் காய என்று பெயர், அங்கிருந்து வந்தது. கீழே விழுந்தால் படுகிற காயம் இன்னொன்று. தெலுங்கிலும் கன்னடத்திலும் மராத்தியிலும் இதற்கு ஒட்டிய சொற்கள் உண்டு. எழுத்தில் இரண்டும் ஒன்றுதான் என்றாலும் வாயில் ஒன்றல்ல. சொல்லிப் பாருங்கள்: பெருங்காயத்தைச் சுருக்கிக் காயம் என்னும்போது கல் என்பதில் வரும் க; அடிபட்ட காயம் என்னும்போது கங்கை என்பதில் முதலில் வரும் க. நம் எழுத்து ஒன்று, நம் நாக்கு இரண்டு. ஆகாயத்துக்கும் காயம் என்று ஒரு பெயர் உண்டு. தொல்காப்பியத்திலேயே அப்படி வருகிறது. வடக்கே இந்திக்காரர்கள் காயம் என்றால் நிலையாக இருப்பது என்று அர்த்தம். உடம்பும் காயம், உடம்பில் படுவதும் காயம், உடம்புக்குக் கொடுப்பதும் காயம், உடம்பு போனபின் உயிர் போகிற ஆகாயமும் காயம்! வேடிக்கையாக இல்லை?

மலையாளத்தில் பெருங்காயத்துக்குக் காயம் என்றே பெயர். 'பெரு' என்ற பட்டத்தை அவர்கள் எடுத்துவிட்டார்கள். இலங்கையில் சிங்களம் பேசுகிறவர்களும் பெருங்காயம் என்ற நம் பெயரையே வைத்திருக்கிறார்கள். கன்னடத்தில் இங்கு. தெலுங்கில் இங்குவ. இந்தியில் ஹீங். இவை எல்லாவற்றுக்கும் தாய் சமஸ்கிருதத்து ஹிங்கு. நாட்டு மருந்துக் கடையில் ஹிங்குவாஷ்டக சூரணம் என்று கேட்டு வாங்குகிறோமே, அதில் முதலில் நிற்பது இந்த ஹிங்குதான். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், இந்துப்பு, சீரகம், கருஞ்சீரகம், பெருங்காயம் ஆகிய எட்டும் சேர்ந்ததால் அஷ்டகம்.

இங்கிலீஷில் அசஃபோடிடா. பிசினுக்கு உரிய ஒரு பாரசீகச் சொல்லையும், நாறுகிற என்று அர்த்தப்படும் லத்தீன் சொல்லையும் ஒட்டவைத்த பெயர் அது. "நாற்றப் பிசின்" என்று சொல்லலாம். ஜெர்மன்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய்ப் பிசாசின் சாணி என்றே பெயர் வைத்துவிட்டார்கள்! நாம் ரசத்தின் உயிர் என்கிறோம். அவர்கள் பிசாசின் சாணி என்கிறார்கள். அவர்கள் மேலும் தப்பில்லை. பச்சையாக முகர்ந்தால் நாற்றம்தான். கந்தகச் சத்து நிறைந்தது அது. காய்ந்த எண்ணெயில் விழுந்ததும் அதே நாற்றம் வெங்காயமும் பூண்டும் வதக்கினாற்போல் மணமாக மாறிவிடுகிறது. அதனால்தான் வெங்காயம், பூண்டு சேர்க்காத விரதச் சமையலில் அந்த இடத்தைப் பெருங்காயம் நிரப்புகிறது.

பெயர் குழம்பியது நம் வீட்டில் மட்டுமல்ல, உலகத்துக்கே நடந்திருக்கிறது. பழைய ரோமாபுரியில் சில்பியம் என்று ஒரு செடிப் பிசினுக்கு ஏகக் கிராக்கி. வட ஆப்பிரிக்காவில் சிரேனி என்ற ஊர்ப் பக்கம்தான் அது விளைந்தது. வெட்டி வெட்டியே அதை அழித்துவிட்டார்கள். கடைசியாகக் கிடைத்த ஒரே ஒரு தண்டை நீரோ மன்னனுக்கு அனுப்பியதாக பிளினி என்பவர் 1-ம் நூற்றாண்டில் எழுதி வைத்திருக்கிறார். சில்பியம் போனபின் அந்த இடத்துக்கு வந்தது பாரசீகத்துப் பெருங்காயம். சரக்கு வேறு, ஆனால் பழைய பெயரையே இதற்கும் வைத்து விற்றார்கள். எது எதுவென்று அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

இத்தனை பேர் வைத்துக் கொண்டாடுகிறோமே, பெருங்காயம் நம் ஊரில் விளைவதில்லை என்பது உங்களுக்குத் தெரியுமா? அது கொத்தமல்லி, சீரகம், காரட் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடி. ஈரானிலும் ஆப்கானிஸ்தானத்திலும் குளிரும் வறட்சியுமான மலைச்சரிவுகளில் வளர்கிறது. நாலைந்து வருஷம் வளர்ந்த செடியின் வேரை மண்ணை விலக்கிக் கீறிவிட்டால் பால் வடியும். அது உறைந்து பிசினாவதைச் சுரண்டி எடுப்பார்கள். மறுபடி கீறுவார்கள். இப்படி வாரக்கணக்கில் எடுத்துச் சேர்த்ததுதான் பெருங்காயம். வருஷத்துக்குச் சுமார் 1,200 டன் இந்தியா வாங்குகிறது என்று 2020-ல் கணக்குச் சொன்னார்கள். அந்த வருஷம் அக்டோபர் 15-ந் தேதி, இமாசலப் பிரதேசத்தில் லாஹௌல் பள்ளத்தாக்கிலுள்ள குவாரிங் என்ற கிராமத்தில் முதல் நாற்றை நட்டார்கள். ஈரானிலிருந்து விதை தருவித்து, பாலம்பூரிலுள்ள மத்திய அரசு ஆராய்ச்சி நிலையத்தார் வளர்த்த நாற்று அது.

வருகிற பிசின் மகா வீரியமானது. அப்படியே சமையலில் போட்டால் தாங்காது. ஆகவே கோதுமை மாவு அல்லது அரிசி மாவு, வேலம்பிசின் முதலியவற்றைச் சேர்த்துத் தயாரித்து விற்கிறார்கள். அதற்குக் கூட்டுப் பெருங்காயம் என்று பெயர். இது கலப்படமல்ல, சட்டம் அனுமதித்த முறைதான். ஆனால் வாங்குகிற நாம் டப்பாவைத் திருப்பிப் படிக்க வேண்டும். கோதுமை ஒத்துக்கொள்ளாத குழந்தைகள் உள்ள வீட்டில் ரொட்டியை நிறுத்திவிட்டு, ரசத்தில் கோதுமை மாவு கலந்த பெருங்காயத்தைப் போட்டுக்கொண்டிருந்தால் என்ன பிரயோசனம்? அரிசி மாவு சேர்த்தது என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இங்கேயும் பெயர்தான் நம்மை ஏமாற்றுகிறது. டப்பாவின் முன்பக்கம் பெருங்காயம், பின்பக்கம் மாவு!

கலப்படம் இருக்கிறதா என்று பார்க்க உணவுப் பாதுகாப்புத் துறையினர் சொல்லும் சுலபமான வழி ஒன்று உண்டு. சிறு துண்டை எவர்சில்வர் கரண்டியில் வைத்துக் கொளுத்தினால், நல்ல பெருங்காயம் கற்பூரம் போலப் பிரகாசமாக எரியும். தண்ணீரில் போட்டுக் குலுக்கினால் மாக்கல் தூள் போன்றவை கலந்திருந்தால் அடியில் தங்கிவிடும். கூட்டுப் பெருங்காயத்தில் மாவு இருப்பதால் கொஞ்சம் கலங்கல் இருக்கத்தான் செய்யும். அதற்காகக் கடைக்காரரோடு சண்டைக்குப் போய்விடாதீர்கள்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பச்சைக் குழந்தைக்குப் பெருங்காயத்தை உள்ளுக்குக் கொடுப்பது விளையாட்டல்ல. 1984-ம் வருஷம் அமெரிக்காவில் ஒரு குழந்தை மருத்துவப் பத்திரிகையில், வயிற்று வலிக்காகப் பெருங்காயம் கலந்த நாட்டு மருந்து கொடுக்கப்பட்ட ஐந்து வாரக் குழந்தையைப் பற்றி டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். ரத்தத்துக்குப் பிராண வாயுவைச் சுமக்கிற சக்தி குறைந்து குழந்தை ஆபத்தான நிலைக்குப் போய்விட்டதாம். இந்த விவரம் எனக்குத் தெரிய வந்தபோது என் மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். படித்துவிட்டு அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

உப்புசம் என்றால் குழந்தையைப் பால் குடித்ததும் தோளில் போட்டு முதுகைத் தட்டி ஏப்பம் விட வையுங்கள். தொப்புளைச் சுற்றிப் பெருங்காயம் பற்றுப் போடுவது பல வீடுகளில் வழக்கம். தொப்புள் கொடி விழுந்து நன்றாக ஆறும்வரை அங்கே எதையும் தடவ வேண்டாம். பால் குடிக்க மறுப்பது, ஓயாத வாந்தி, வயிறு கல்லாகிப் போவது, உதடு நீலம் பாய்வது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கை வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். என்ன கொடுத்தோம் என்பதை வெட்கப்படாமல் சொல்லுங்கள். அன்றைக்கு என் அம்மா மறைக்காமல் சொன்னதால்தான் என் குழந்தை பிழைத்தது என்று நான் நம்புகிறேன். கர்ப்பிணிகளும் ரசம், சாம்பாரில் சேர்கிற அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பெருங்காயத்தைத் தனியே மருந்தாகச் சாப்பிடக் கூடாது.

சரி, அந்தப் பெண் குழந்தை என்ன ஆனாள் என்று கேட்கிறீர்களா? நன்றாக வளர்ந்து, படித்து, கல்யாணமும் ஆகி, சென்ற மாதம் எங்கள் வீட்டுக்கே பிரசவத்துக்கு வந்து ஆண் குழந்தை பெற்றிருக்கிறாள். அத்தைக்கு இப்போது 76 வயசு. திண்ணையில் உட்கார்ந்தபடியே அதிகாரம் செய்ய, இந்த முறை காயம் கிண்டியது நான்.

எங்கள் வீட்டு அளவைச் சொல்கிறேன். சுக்கு 50 கிராம், மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம் வகைக்கு 25 கிராம், கண்டந்திப்பிலி, சித்தரத்தை, வால்மிளகு வகைக்கு 10 கிராம். இவற்றை இளவறுப்பாக வறுத்து இடித்துச் சலித்துக்கொள்ள வேண்டும். கால் கிலோ பூண்டை உரித்து வேகவைத்து மசிக்க வேண்டும். அரைக் கிலோ கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டிக் கொதிக்கவிட்டு, பாகு கொஞ்சம் கெட்டியானதும் பூண்டையும் பொடியையும் போட்டுக் கிளற வேண்டும். 200 மில்லி நல்லெண்ணெயைச் சிறுகச் சிறுக விட்டு, எண்ணெய் பிரிந்து கையில் ஒட்டாத பதம் வந்ததும் இறக்கிவிட வேண்டும். காலையில் சுண்டைக்காய் அளவு போதும். ஆபரேஷன் ஆனவர்கள், ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, வயிற்றுப் புண் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

என் அம்மா இதைப் பார்க்க இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் காலமாகிவிட்டார்கள். அந்த ராத்திரிக்கு அப்புறம் என் மகள் அங்கே போயிருக்கும் நாட்களில் அம்மா ரசத்துக்குக்கூடப் பெருங்காயம் போட மாட்டார்கள். "பாட்டி ரசத்துல மட்டும் ஏம்மா வாசனையே இல்ல?" என்று அவள் கேட்பாள். நான் எதையாவது சொல்லிச் சமாளிப்பேன். அத்தையும் அம்மாவை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. "மீட்டருக்குப் பயந்து பாதிப் பேச்சுப் பேசுனது நாந்தான தாயி" என்று தன் மேலேயே போட்டுக்கொள்வார்கள்.

காயத்தை ஆறவைத்து ஜாடியில் அள்ளிப் போடும்போது, அத்தை என் மகளைக் கூப்பிட்டு, "ஏ தாயி, ஒரு காகிதத்துல எழுதி இதுல ஒட்டு" என்றார்கள்.

"என்னன்னு எழுதணும் ஆச்சி? காயம்னா?"

"வெறும் காயம்னு எழுதாத. காயம், பெத்தவளுக்கு மட்டும், பச்சைப் பிள்ளைக்கு இல்லைன்னு எழுது. கொட்டை எழுத்தா எழுது."

மகள் சிரித்துக்கொண்டே எழுதினாள். அவளுக்கு அன்றுவரை விஷயம் தெரியாது. ஒட்டி முடித்த பிறகு உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "பாவம்மா பாட்டி" என்று மாத்திரம் சொன்னாள்.

சகோதரிகளே, நம் வீட்டு மருமகள் ஒரு ஊர், நாம் ஒரு ஊர், சம்பந்தி ஒரு ஊர். பிள்ளையும் காயமும் எல்லா ஊரிலும் ஒன்றல்ல. யாராவது "இதைக் கொடு" என்றால், எதை, யாருக்கு, எவ்வளவு என்று மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள். கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். சொல்கிறவர்களும் பாதிப் பேச்சில் நிறுத்தாதீர்கள். இப்போது போனில் மீட்டர் ஓடுவதில்லை.

அடுத்த இதழில் ஓமத்தோடு வருகிறேன். உங்கள் ஊரில் ஒரு பெயர், எங்கள் ஊரில் ஒரு பெயர் என்று இருக்கிற அடுப்படிச் சாமான்கள் தெரிந்தால் எழுதி அனுப்புங்கள். சேர்த்துப் போடலாம்.